காதுக்கு ஒரு ஸ்கேன் எடுத்தாயிற்று, இன்னொன்று எதற்கு?

கோத்தகிரிக்கு அருகிலிருந்து 36 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

எட்டு வயதிலிருந்தே அவருக்கு இடது காதில் அவ்வப்போது சீழ் வடிந்து வந்திருக்கிறது. சளி பிடித்தால் வடியும், சொட்டு மருந்து விட்டால் நிற்கும் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளாக வடிவது குறைந்து நாற்றம் கூடியிருக்கிறது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறார். கடைசி வரிசை மாணவர்கள் பேசுவது பிடிபடுவதில்லை. உதகையில் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் இது கொலஸ்டியடோமா (செவிப்பறையின் தோல் நடுச்செவிக்குள் பையாகப் புகுந்து சேரும் நோய்) என்று சொல்லி சிடி ஸ்கேன் எடுக்க வைத்தார். நடுச்செவியின் மேல் அறையும் காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பும் 'மென்திசுவால்' நிரம்பியிருக்கின்றன, மேல் அறையின் வெளிச்சுவரிலுள்ள எலும்பு முனை மழுங்கியிருக்கிறது, ஒலியைக் கடத்தும் சிற்றெலும்புகளில் ஒன்றான பட்டடை எலும்பு தெரியவில்லை, மூளையை ஒட்டிய கூரை எலும்பு மெலிந்திருக்கிறது என்று அறிக்கை சொல்கிறது. எலும்பைத் திறந்து ஒரே அறையாக்கிவிடும் பெரிய அறுவை சிகிச்சை போதும் என்கிறார் அந்த மருத்துவர். கோவையில் பார்த்த இன்னொருவரோ எம்ஆர்ஐ எடுத்த பிறகே முடிவு செய்ய வேண்டும், வெளிக்காதுக் குழாயின் பின்சுவரைக் காப்பாற்ற முடியலாம், ஆனால் அதற்குத் தொடர்ந்து கண்காணிப்பு வேண்டும் என்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை: இருவரில் யார் சொல்வது சரி? எலும்பையே காட்டிய சிடி இருக்கும்போது எம்ஆர்ஐ வீண் செலவல்லவா? கொலஸ்டிரால் கூடியதால் வந்த நோயா? மலைப்பாதையில் ஏறி இறங்கியதால் வந்ததா? முகம் கோணிவிடுமா? போன செவித்திறன் திரும்புமா? பொதுத்தேர்வு முடிந்து மே மாத விடுமுறை வரும்வரை தள்ளிப்போடலாமா? இத்தனையும் எழுதிவிட்டு, கையெழுத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "தலைக்குக் குளிக்கும்போது சில நாள் ஒரு சுற்றுச் சுற்றுகிறது, எனக்கு ரத்த அழுத்தம் குறைவு என்று நினைக்கிறேன்."

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது. மற்ற கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். முதலில் இதைப் பார்த்துவிடுவோம்.

அந்தக் கடைசி வரி

உடல் சமநிலையை உணரும் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்காதில் இருக்கின்றன. அவற்றில் கிடைமட்டமாக இருப்பது, மாஸ்டாய்டுக்குப் போகும் வழியில், நடுச்செவியை ஒட்டியே இருக்கிறது. கொலஸ்டியடோமா பல ஆண்டுகள் அரித்துக்கொண்டே வந்தால், இந்தக் குழலை மூடியிருக்கும் எலும்பு மெலிந்து ஒரு கட்டத்தில் சிறு துளை விழுந்துவிடலாம். இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது. துளை விழுந்தபின் வெளியிலிருந்து வரும் அழுத்தம் நேராகச் சமநிலை உறுப்பையே தொட்டுவிடும். மூக்கைச் சிந்தினால், காதை அழுத்தினால், சில வேளை உரத்த சத்தம் கேட்டால்கூட, தலை சுற்றும்.

உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. செவிப்பறை பாதிக்கப்பட்ட காதுக்குள் குளிர்ந்த நீர் போனாலே, துளை ஏதும் இல்லாமல், சமநிலைக் குழலில் உள்ள திரவம் குளிர்ந்து சில நொடிகள் சுற்றலாம். கோத்தகிரியில் டிசம்பர், ஜனவரித் தண்ணீருக்கு அதுவே போதும். ஆனால் இவ்விரண்டையும் வீட்டிலிருந்து பிரித்தறிய முடியாது. ரத்த அழுத்தம் குறைந்து வரும் கிறுகிறுப்பு பெரும்பாலும் உட்கார்ந்து எழும்போது வரும், கண் இருட்டும். காதில் நீர் பட்டதும் அறையே சுழல்வது அதன் குணமல்ல.

பிரித்தறியும் சோதனை மிக எளியது. மருத்துவர் உங்கள் எதிரே அமர்ந்து, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பு மடலை உள்நோக்கி அழுத்தி, உங்கள் கண்களைப் பார்ப்பார். துளை இருந்தால் கண்மணிகள் ஒரு பக்கமாக மெதுவாக நழுவி, வெடுக்கென்று திரும்பி, மீண்டும் நழுவும். நோயாளி நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார். இதை நான் முதன்முதலில் பார்த்தது பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஒரு முதியவரிடம். அந்தக் கண்கள் நழுவியது இன்றும் நினைவில் இருக்கிறது. சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் துளை இல்லை என்று உறுதியாகிவிடாது. ஆகவே சிடி படங்களில் அந்தக் குழலின் மேல் எலும்பை மட்டும் தனியாக மீண்டும் பார்க்கும்படி நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தலைசுற்றலை நீங்கள் சொல்லாததால் அதைத் தேட வேண்டும் என்று படம் பார்த்தவருக்குத் தோன்றாமல் போயிருக்கலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? துளையின்மேல் படிந்திருக்கும் கொலஸ்டியடோமாத் தோலை அறியாமல் இழுத்து எடுத்தால் உள்காது திறந்து, அந்தக் காதின் கேட்கும் திறன் முழுவதும் போய்விடக்கூடும். முன்கூட்டியே தெரிந்தால் அறுவை சிகிச்சை செய்பவர் அந்த இடத்தைக் கடைசிவரை தொடாமல் விட்டுவைத்து, மற்ற இடமெல்லாம் சுத்தமானபின் மிக மென்மையாக நீக்கி உடனே மூடிவிடுவார். அல்லது, தேவைப்பட்டால், அந்தத் துளி தோலை அங்கேயே விட்டுவிடும் வகையில் சிகிச்சையைத் திட்டமிடுவார்.

கொழுப்பும் அல்ல, புற்றும் அல்ல

உங்கள் மாமியார் முட்டையையும் நெய்யையும் நிறுத்தச் சொன்னதற்கு, கொலஸ்டிராலை நினைவூட்டும் இந்தப் பெயரே காரணம். 1838இல் ஜெர்மானிய அறிஞர் யோகானஸ் முல்லர் இட்ட பெயர் இது. பொருந்தாத பெயர் என்று தெரிந்தும் மருத்துவ உலகில் அதுவே நிலைத்துவிட்டது. ரத்தத்தில் உள்ள கொலஸ்டிராலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எலும்பை அரிக்கிறது என்று அறிக்கையில் படித்ததும் புற்றுநோயோ என்று பயந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள்; புற்றுநோயும் அல்ல. இது இடம் மாறிய தோல். செவிப்பறையின் மேல் பகுதி தளர்ந்து உள்ளே இழுக்கப்பட்டு, ஒரு சிறு பை போலக் குழிந்துவிடுகிறது. நம் தோல் எங்கும் செதில் உதிர்த்துக்கொண்டே இருக்கும். கையில் உதிர்ந்தால் காற்றில் போய்விடும், இந்தப் பைக்குள் உதிர்ந்தால் வெளியேற வழியில்லை. அடுக்கடுக்காகச் சேர்ந்து, வெங்காயத்தை நெடுக வெட்டினால் தெரியும் தோல்களைப் போல வெள்ளையாகப் படிந்து, கிருமி சேர்ந்து நாறத் தொடங்குகிறது. பையின் ஓரத்தில் ஓயாமல் நடக்கும் அழற்சியும் அழுத்தமும் சேர்ந்து எலும்பைக் கரைக்கின்றன. இதைக் கரைத்து வெளியேற்றும் மாத்திரையோ சொட்டு மருந்தோ கிடையாது. சொட்டு மருந்து கிருமியை அடக்கும், நாற்றத்தைக் குறைக்கும். பையை ஒன்றும் செய்யாது. இருபத்தெட்டு ஆண்டுகளாக 'சொட்டு விட்டதும் நின்றுவிட்டது' என்று நீங்கள் எல்லோரும் நம்பியதில் யாருடைய குற்றமும் இல்லை. நோயின் தன்மையே அப்படிப்பட்டது. காதில் விடும் பூண்டு காய்ச்சிய எண்ணெயை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

மலைப்பாதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாய் ஒழுங்காகத் திறக்காதபோது நடுச்செவியில் காற்றழுத்தம் குறைந்து, செவிப்பறை உள்ளே இழுபடுகிறது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர வித்தியாசத்தில், வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே வருவதால் இந்தக் குழாய் அடிக்கடி திறந்து உள்ளே காற்றை விட வேண்டும். அது சோம்பினால் காது அடைக்கும். ஏறும்போது இவ்வளவு தொல்லை இராது, உள்ளிருக்கும் காற்று தானாகவே வெளியேறிவிடும். ஆகவே சிறு வயதில் இறங்கும்போதெல்லாம் காது அடைத்ததாக நீங்கள் எழுதியிருப்பது, உங்கள் குழாய் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். மலைப்பாதை நோயைத் தரவில்லை. நீலகிரியில் ஆயிரக்கணக்கானோர் தினமும் ஏறி இறங்குகிறார்கள், அவர்களுக்கெல்லாம் இது வருவதில்லை.

சிடி காட்டுவதும் எம்ஆர்ஐ காட்டுவதும்

இரண்டு ஸ்கேன்களும் ஒரே வேலையைச் செய்வதாகவும், அவற்றில் எம்ஆர்ஐ விலை கூடிய ரகம் என்பதாகவும் பலர் நினைக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் இவை இரண்டும் இரு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

சிடி, எலும்பின் வரைபடம். காதெலும்புக்கான சிடியில் ஒரு வெட்டு அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதாக இருக்கும். சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சின்னஞ்சிறு எலும்புகளில் எது இருக்கிறது, எது கரைந்துவிட்டது, முகநரம்பு செல்லும் எலும்புக் குழாய் மூடியிருக்கிறதா, மூளைக்கும் காதுக்கும் இடையிலான கூரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, பின்னால் ஓடும் பெரிய சிரை எவ்வளவு முன்னால் நெருங்கி வந்திருக்கிறது என்பதையெல்லாம் அது சொல்லும். எலும்பை எங்கே குடையலாம், எங்கே கை வைக்கவே கூடாது என்பதை மருத்துவர் இதை வைத்தே முடிவு செய்கிறார். எனவே சிடி வீணாகவில்லை. அது இல்லாமல் யாரும் உங்கள் காதைத் திறக்கக் கூடாது.

ஆனால் ஒன்றை சிடி சொல்லாது. அந்த எலும்பு அறைகளுக்குள் நிரம்பியிருப்பது என்ன? கொலஸ்டியடோமா, சீழ், சளி நீர், வீங்கிய சதை எல்லாமே சிடியில் ஒரே சாம்பல் நிறம்தான். கோத்தகிரிச் சாலையில் மூடுபனி இறங்கிய மாலையை நினைத்துப் பாருங்கள்: தடுப்புச் சுவரும் கொண்டை ஊசி வளைவும் தெரியும், வளைவில் நிற்பது பழுதான வேனா காட்டெருமையா என்று தெரியாது. உங்கள் அறிக்கை 'மென்திசு' என்று பொதுப்படச் சொல்லி நிறுத்திக்கொண்டது அதனால்தான். மாஸ்டாய்டு முழுவதும் சாம்பலாக இருக்கிறது என்றால் முழுவதும் கொலஸ்டியடோமா என்று பொருளல்ல. முன்னால் மேல் அறையில் ஒரு சிறு பை வழியை அடைத்திருக்க, அதன் பின்னால் வெறும் சளி நீர் தேங்கியிருக்கவும் கூடும்.

இங்கேதான் எம்ஆர்ஐ வருகிறது. டிஃப்யூஷன் என்ற வகைப் படம், திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் தடையின்றி நகர்கின்றனவா என்று பார்க்கிறது. அடுக்கடுக்காக இறுகிக் கிடக்கும் தோல் செதிலுக்குள் அவை நகர முடியாது; அதனால் சாம்பல் கறுப்புப் படத்தின் நடுவே கொலஸ்டியடோமா மட்டும் இருட்டறையில் வைத்த விளக்கைப் போல வெள்ளையாக ஒளிரும். சளி நீரும் வீங்கிய சதையும் அப்படி ஒளிர்வதில்லை. படத்தைத் தெளிவாக்கப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியும் இதற்குத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. டிஃப்யூஷன் படத்தை எடுக்க இரண்டு முறைகள் உண்டு. பக்கவாதம் வந்தவர்களுக்கு அவசரமாக எடுக்கும் வழக்கமான ஈபிஐ முறையில், காற்றும் எலும்பும் நெருங்கிச் சேரும் காதுப் பகுதியில் படம் நெளிந்துபோகும். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கட்டிகள் அதில் தப்பிவிடும். காதுக்கென்று எடுக்க வேண்டியது 'நான்-ஈபிஐ டிஃப்யூஷன்' முறை. இது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவுள்ளதையும் காட்டிவிடும். மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் இந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேன் மையத்துக்குத் தொலைபேசியில் பேசி, அவர்கள் இயந்திரத்தில் அந்த முறை உண்டா என்று கேட்டபின் மலையிலிருந்து இறங்குங்கள். வெறுமனே 'மூளை எம்ஆர்ஐ' என்று எழுதிய சீட்டோடு போய், காசும் ஒரு நாளும் செலவழித்து, காதுக்குப் பயன்படாத படத்தோடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படியானால்தான் அது வீண் செலவு.

எம்ஆர்ஐயும் ஏமாறும் என்பதை மறைக்கக் கூடாது. உள்ளே இருந்த செதில் முன்பே வெளியே கொட்டிவிட்டால், தோல் பை மட்டும் மிஞ்சியிருக்கும், அது ஒளிராது. குறும்பியும் சீழ்க்கட்டியும் கொலஸ்டியடோமாவைப் போலவே ஒளிரும். அதனால் ஸ்கேனுக்கு முன் காதைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

எல்லோருக்கும் அறுவை சிகிச்சைக்கு முன் எம்ஆர்ஐ வேண்டியதில்லை. மைக்ரோஸ்கோப்பில் பை தெளிவாகத் தெரிந்து, சிடியில் அது மேல் அறைக்குள் மட்டும் அடங்கியிருந்தால், நானே எம்ஆர்ஐ கேட்பதில்லை. உதகை மருத்துவர் அதைக் கேட்காதது கவனக்குறைவு என்று எண்ணிவிடாதீர்கள்; முழுதாகத் திறப்பது என்று முடிவெடுத்தவருக்கு நோய் எந்த எல்லைவரை இருக்கிறது என்பது திறந்ததும் தெரிந்துவிடும். சுவரைக் காப்பாற்றலாமா என்று யோசிப்பவருக்குத்தான் அது முன்கூட்டியே தெரிய வேண்டும். உங்கள் விஷயத்தில் எம்ஆர்ஐ எடுப்பது சரி என்பதே என் கருத்து. ஒன்று, மாஸ்டாய்டு முழுவதும் சாம்பல். அதில் எவ்வளவு உண்மையான நோய் என்பதைப் பொறுத்து அறுவை சிகிச்சையின் அளவே மாறும். இரண்டு, கூரை எலும்பு மெலிந்திருக்கிறது; அங்கே துளை விழுந்து மூளையின் உறை கீழே இறங்கியிருந்தால் எம்ஆர்ஐ மட்டுமே அதைப் பிரித்துக் காட்டும். மூன்று, இன்று ஒளிரும் படம் கையில் இருந்தால், சிகிச்சைக்குப் பின் எடுக்கும் படத்தை அதனோடு ஒப்பிட முடியும்.

சுவரை எடுப்பதா, வைப்பதா

இரு மருத்துவர்களும் முரண்படுவதாக நீங்கள் வருந்துகிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரே நோய்க்கு நெடுங்காலமாக நடைமுறையில் உள்ள இரு வழிகளை ஆளுக்கொன்றாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வழியில், வெளிக்காதுக் குழாயின் பின்சுவர் எலும்பை நீக்கி, மாஸ்டாய்டையும் குழாயையும் ஒரே அறையாக்கிவிடுவார்கள். நோய் ஒளிந்துகொள்ள மூலை குறைவு. மீண்டும் வந்தால் பரிசோதனையிலேயே பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும். ஆனால் அந்த அறைக்குத் தானே சுத்தம் செய்துகொள்ளும் திறன் இராது. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், மருத்துவர் அதைச் சுத்தம் செய்ய வேண்டும். குளிக்கும்போது நீர் புகாமல் பார்க்க வேண்டும். குளிர்காற்று நேராகச் சமநிலைக் குழல்வரை போவதால் சிலருக்குத் தலை சுற்றும். பனிக்காலக் காலையில் பேருந்துக்கு நிற்கும் ஒருவருக்கு இது சமவெளியில் இருப்பவரைவிடப் பெரிய விஷயம். கம்பளிக் குல்லாய் காதை மூடியே இருக்க வேண்டும். பின்னாளில் காதுக் கருவி வைக்க நேர்ந்தால், ஈரமும் பெரிய துளையும் தொல்லை தரும். இந்த அறையைத் தசையாலோ எலும்புத் துகளாலோ நிரப்பிச் சிறிதாக்கும் முறையும் உண்டு. அது இந்தத் தொல்லைகளைப் பெருமளவு குறைக்கிறது. அதைச் செய்வீர்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

இரண்டாவது வழியில் சுவர் அப்படியே இருக்கும். நோய் சிறியதானால் எண்டோஸ்கோப் கொண்டு காதுத் துளை வழியாகவே எடுத்துவிடவும் முடியலாம். காது இயல்பான வடிவில் இருக்கும், ஆறியபின் நீர் பற்றிய கவலை குறைவு. ஆனால் சுவருக்குப் பின்னால் ஒரு துணுக்குத் தோல் தப்பிவிட்டால் அது ஓசையின்றி வளரும். மிச்சம் இருப்பதற்கும் திரும்ப வருவதற்கும் இந்த வழியில் வாய்ப்பு அதிகம் என்பது ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. முன்பெல்லாம் ஓராண்டு கழித்து மீண்டும் திறந்து பார்ப்பார்கள்; இப்போது பலருக்கு அதே டிஃப்யூஷன் எம்ஆர்ஐயை ஓராண்டிலும் பின்னர் சில ஆண்டுகள் கழித்தும் எடுத்து, ஒளிர்ந்தால் மட்டும் திறக்கிறார்கள். இரண்டாவது அறுவை சிகிச்சை என்பது முதலாமவர் செய்த தவறு என்று நீங்கள் எழுதியிருப்பது அதனால் பொருந்தாது; அது தொடக்கத்திலேயே போடப்படும் திட்டத்தின் ஒரு பகுதி.

ஆகவே நான் உங்களிடம் கேட்கும் கேள்வி இது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு, காது நன்றாக இருப்பதாகத் தோன்றும்போதும், வலியே இல்லாதபோதும், குறித்த தேதியில் கோவைக்கு இறங்கி வருவீர்களா? மண்சரிவால் சாலை அடைபட்டது, பள்ளியில் விடுப்பு இல்லை, வீட்டில் ஆள் இல்லை என்று ஒரு முறை தள்ளி, பிறகு மறந்துபோவது எவ்வளவு இயல்பு என்று எனக்குத் தெரியும். மனத்தளவில் நேர்மையான பதில் 'வருவேன்' என்றால், எம்ஆர்ஐயில் நோய் முன்பகுதியில் அடங்கியிருந்தால், கூரையிலும் சமநிலைக் குழலிலும் துளை இல்லையென்றால், சுவரைக் காப்பாற்றும் வழியை நான் ஆதரிப்பேன். வருவது நிச்சயமில்லை என்றாலோ, நோய் மாஸ்டாய்டின் ஆழம்வரை ஒளிர்ந்தாலோ, குழலில் துளை உறுதியானாலோ, உதகை மருத்துவர் சொன்னதே உங்களுக்குப் பாதுகாப்பானது. அந்த அறையைச் சுத்தம் செய்துகொள்ளக் கோவைவரை போகவும் வேண்டாம், உதகையிலேயே முடியும். கடைசித் தீர்மானம் சில நேரம் திறந்து பார்த்தபின்தான் எடுக்கப்படும். ஒப்புதல் படிவத்தில் இரண்டு வழிகளும் எழுதப்பட்டிருந்தால் திடுக்கிட வேண்டாம்.

செவித்திறனும் முகமும்

இந்த அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் மூளைக்கும் உள்காதுக்கும் ஆபத்தில்லாத காது, இரண்டாவது வடியாத காது, செவித்திறன் மூன்றாவதுதான். மருத்துவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதால் பிற்பாடு பெரும் ஏமாற்றம் உண்டாகிறது. உங்கள் பட்டடை எலும்பு கரைந்திருப்பதால் ஒலி கடத்தப்படும் சங்கிலி அறுந்திருக்கிறது. நோயை எடுத்தபின், அதே வேளையிலோ பின்னொரு நாளிலோ, டைட்டானியத் துண்டு ஒன்றையோ செதுக்கிய குருத்தெலும்பையோ வைத்து அதை இணைக்கலாம். அங்கவடி எலும்பு முழுதாக இருந்தால் பலன் நன்றாக இருக்கும். ஆயினும் பழைய இயல்பான நிலை திரும்பும் என்று யாரேனும் உறுதியளித்தால் நம்பாதீர்கள். அறுந்த சங்கிலியின் நடுவே அந்தக் கொலஸ்டியடோமாவே பாலமாக நின்று ஒலியைக் கடத்துவதும் உண்டு. அப்படியானால் அதை எடுத்தபின் சில காலம் கேட்பது இன்னும் குறையும். செவித்திறனை அளக்கும் ஆடியோகிராமில் காற்று வழியோடு எலும்பு வழியையும் அளந்து, வலது காதையும் அதே நாளில் முழுதாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் வலது காது பற்றி ஒன்றுமே இல்லை.

முகநரம்பு நடுச்செவி வழியாகத்தான் போகிறது, பலருக்கு அதன் மேல் எலும்பு பிறவியிலேயே விட்டுவிட்டு இருக்கும். ஆகவே உங்கள் பயம் காரணமற்றதல்ல. ஆனால் அனுபவமுள்ள கையில் நிரந்தர முகவாதம் மிக அரிது; நரம்பைக் கண்காணிக்கும் கருவியையும் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். நோயை விட்டுவைத்தால் அதே நரம்பை நோயே அழிக்கக்கூடும் என்பதையும் தராசின் மறுதட்டில் வையுங்கள். நாக்கின் ஒரு பக்கத்தில் சில மாதம் சுவை மாறியிருப்பது இதைவிடச் சாதாரணமாக நேர்வது.

மே மாதம் வரை

கொலஸ்டியடோமா மெதுவாக வளர்வதுதான். தலைசுற்றலைப் பற்றி நீங்கள் எழுதியிராவிட்டால், காதைச் சுத்தமாக வைத்துக்கொண்டு சில வாரங்கள் தள்ளுவதில் எனக்குத் தயக்கம் இராது. எழுதிவிட்டீர்கள். ஆகவே சோதனையை மே மாதத்துக்குத் தள்ள வேண்டாம். இந்த வாரத்திலோ அடுத்த வாரத்திலோ கண் நகர்வுச் சோதனையும் ஆடியோகிராமும் முடியட்டும். துளை இல்லை என்று தெரிந்தால் அறுவை சிகிச்சைத் தேதியைத் தேர்வுக்குப் பின் வைக்கலாமா என்று மருத்துவரோடு பேசுங்கள். இருக்கிறதென்றால் பள்ளியில் விடுப்புக் கேளுங்கள். மாணவர்களுக்கு வேறு ஆசிரியர் கிடைப்பார்.

அதுவரை, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ, நிற்க முடியாமல் சுற்றி, கேட்பதும் சட்டென்று குறைந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைத்து அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நள்ளிரவானாலும் அப்படித்தான்.

செலவு குறித்து: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம்; குறித்த தேதிக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டி, அறுவை சிகிச்சைக்கும் ஸ்கேனுக்கும் எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் படங்கள் உங்களுக்கு உரியவை. அச்சிட்ட ஃபிலிமில் சில வெட்டுகள் மட்டுமே இருக்கும். எல்லா வெட்டுகளும் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி, அதையே இரு மருத்துவர்களிடமும் கொடுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் கட்டுப் பிரிக்கும்வரை கோவையில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது; மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

எம்ஆர்ஐ அறைக்குள் உலோகம் எதுவும் போகக் கூடாது. தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்கள். மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொண்டு போனால் அங்கே மனம் சங்கடப்படாது. நெடுநாள் கழற்றாத மூக்குத்தியின் திருகு இறுகியிருக்கும். இரண்டு நாள் முன்பே ஒரு துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் தளர்த்தி வையுங்கள். எண்ணெய் மூக்குத்திக்கு மட்டும்.